நுனி எங்கே என்று கேட்டவர்

அழைப்பு அவருடைய இலக்கத்திலிருந்துதான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக் வாசல் நிறைய ஆட்கள். நான் முந்தின நாளிலிருந்தே அவரிடம் ஒரு ரிப்போட் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் ரெலிபோனை எடுத்தவுடனேயே, "அக்கா, நீங்களும் இப்பிடி இழுத்தடிச்சால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்று தொடங்கிவிட்டேன். மறுபக்கத்தில் சத்தம் இல்லை. நான் நிறுத்தவில்லை. நோயாளி வாட்டில் படுத்திருக்கிறார், வீட்டுக்காரர் என்னைப் பிய்க்கிறார்கள் என்று என்பாட்டில் கதைத்துக்கொண்டே போனேன். பிறகு ஓர் ஆண் குரல் மிக மெதுவாக, "தம்பி, நான் யோகநாதன் கதைக்கிறன். மலர் போட்டா" என்றது.

எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவருடைய கணவர் விம்மிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

வேலைக்குப் புறப்படச் சீலை உடுத்திக்கொண்டு நின்றவர், நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் இருந்திருக்கிறார். உடுப்பிட்டி வீட்டுக்கு அம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போன அன்று சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 'பொறுமையின் சிகரம்' என்று எழுதியிருந்தது. பிறகு வைத்தியசாலையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்களும் அதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவரோடு வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும். டொக்டர் தவமலருக்குப் பொறுமை கிடையாது. அவர் ஏசுவார். ரெலிபோனை நடுவில் வைத்துவிடுவார். கூட்டங்களில் மற்றவர் பேசி முடிக்குமுன்பே, "அது சரி, எப்ப?" என்று கேட்பார். அவரைக் காலமெல்லாம் காத்திருக்க வைத்தவர்களுக்கு இப்போது அவர் பொறுமைசாலியாகத் தெரிவதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிறுநீரக நோய்களுக்கான சத்திரசிகிச்சை செய்பவன். அவர் கதிரியக்க நிபுணர். எங்களுக்காக உடம்பின் உள்ளே எடுக்கும் படங்களைப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்வது அவருடைய வேலை. அவர் சொல்வதை நம்பித்தான் நான் கத்தியை எடுப்பேன். இந்த வைத்தியசாலைக்கு வந்த புதிதில் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போய், நோயாளியின் வரலாற்றை ஒப்புவிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் பொறும். முதல் படம் என்ன சொல்லுதெண்டு பாப்பம். பிறகு நீர் சொல்லும்." படத்தைப் பார்த்தார். நான் சொன்னதையும் கேட்டார். இரண்டும் பொருந்தவில்லை. எழும்பி என்னோடு வாட்டுக்கு வந்துவிட்டார். கதிரியக்க நிபுணர்கள் வாட்டுக்கு வருவது வழக்கமில்லை என்று நான் சொன்னதற்கு, "நாங்கள் நிழலைப் பாத்துத்தான் எழுதுறம். ஆளை ஒருக்காப் பாத்திட்டு எழுதினால் என்ன குறைஞ்சு போகும்?" என்றார்.

குருநகர் மரியதாஸை அவர் முதலில் கண்டதும் அப்படி வாட்டுக்கு வந்த ஒரு நாளில்தான். அக்காவைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு நோயாளியின் கதைக்குள் அடங்கிவிடும்.

மரியதாஸ் கடலட்டை பிடிப்பதற்காக மூச்சடக்கிச் சுழியோடும் மனிதர். ஐம்பதைத் தாண்டியும் மார்பு பலகைபோல இருந்தது. சிறுநீரில் இரத்தம் போனதை மாதக்கணக்கில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் மனைவி ஸ்ரெலா அவரை இழுத்துக்கொண்டு வந்தார். சி.ரி. ஸ்கானில் வலது சிறுநீரகத்தில் பெரிய கட்டி தெரிந்தது. கட்டி சிறுநீரகத்தோடு நிற்கவில்லை. அங்கிருந்து வரும் நாளத்துக்குள் புகுந்து, உடம்பின் கீழ்ப்பாகத்து இரத்தத்தையெல்லாம் இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளத்துக்குள் ஏறியிருந்தது. எதுவரை ஏறியிருக்கிறது என்று அந்த ஸ்கானில் சரியாகத் தெரியவில்லை. ஸ்கானுக்காக ஏற்றிய மருந்து கலந்த இரத்தமும் கலக்காத இரத்தமும் சேரும் இடத்தில் படம் கலங்கிப்போயிருந்தது.

நாங்கள் இருவரும் வாட்டுக்குப் போனபோது ஸ்ரெலா உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். உறவினர் ஒருவர் ரிப்போட்டை வாசித்துவிட்டு, "நரம்புக்குள்ளை பரவிட்டுது, இனி வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. "ஆர் சொன்னது பரவிட்டுதெண்டு? பரவுறது வேறை, நாளத்துக்குள்ளாலை நீளுறது வேறை. பிள்ளை, இஞ்சை பாரும்." கட்டிலில் கிடந்த, முகம் துடைக்கும் துவாயின் முனையை எடுத்து, தண்ணீர்ப் போத்தலின் வாய்க்குள் கொஞ்சம் செருகினார். "துவாய் வெளியாலை கிடக்குது. முனை மட்டும் போத்தலுக்குள்ளை போட்டுது. இப்ப துவாயையும் எடுக்கலாம், முனையையும் இழுத்தெடுக்கலாம். ஆனால் முனை எங்கை நிக்குதெண்டு தெரியோணும். போத்தலிலை ஒட்டியிருக்கோ, சும்மா கிடக்குதோ எண்டும் தெரியோணும். அது தெரியாமல் இழுத்தால்தான் பிரச்சினை."

ஸ்ரெலா துவாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப வீட்டை போகத் தேவையில்லையோ, டொக்டர்?"

"உடுப்பை எடுத்து வெளியிலை வையும்" என்றார் அக்கா.

முனையைக் காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. ஸ்கான். அதில் ஓடுகிற இரத்தம் ஒருவிதமாகத் தெரியும், உறைந்து நின்றுபோன இரத்தம் வேறொரு விதமாகத் தெரியும், புற்றுக்கட்டி இன்னொரு விதமாகத் தெரியும். நாளத்தின் சுவரைக் கட்டி தின்னத் தொடங்கிவிட்டதா என்பதைக்கூடக் கண் பழகியவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். முனை ஈரலுக்குக் கீழே நின்றால் ஒரு வகைச் சத்திரசிகிச்சை. ஈரலுக்குப் பின்னால் ஏறியிருந்தால் இன்னொரு வகை. இதயத்தின் வலது சோணையறையைத் தொட்டுவிட்டால் எங்களால் இங்கே செய்ய முடியாது. இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரத்தால் இரத்தத்தை ஓட்டக்கூடிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, நுனி எங்கே என்ற ஒரு கேள்வியில் ஒரு மனிதரின் உயிர் நிற்கிறது.

எங்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரம் அப்போது பழுது.

அந்த இயந்திரம் வந்த அன்று அதற்கு மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதைக் குளிராக வைத்திருக்கும் பகுதி முதன்முறை பழுதானபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு ஆட்கள் சேர வேண்டும். பூட்டிய அறை வாசலில் 'திருத்த வேலை நடைபெறுகிறது' என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை. அக்கா ஒருநாள் அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு, 'பழுது' என்று எழுதி ஒட்டினார். அதற்கு விளக்கம் கேட்டார்கள். "நான் எழுதினது பொய்யெண்டால் நடவடிக்கை எடுங்கோ" என்றார். அந்த விடயத்தில் மட்டும் உடனே கூட்டம் போட்டார்கள்.

மரியதாஸை வெளியே ஒரு தனியார் நிலையத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினோம். படம் வந்தது. சிறுநீரகத்தை அழகாக எடுத்திருந்தார்கள். ஆனால் மேலே ஈரலின் பாதியோடு படம் முடிந்துவிட்டது. எங்களுக்குத் தேவையான இடம் படத்துக்கு வெளியே இருந்தது. அக்கா விரலால் திரையின் மேல் விளிம்பைத் தட்டினார். "கிட்னி எண்டு எழுதினால் கிட்னியை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கினம். தலையில்லாத படம் இது. இதை வைச்சு நான் என்னத்தை எழுத?" நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தார். கேட்ட பகுதியைத்தானே எடுத்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். இந்த நோய்க்கு இதயம்வரை எடுக்க வேண்டும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒருவர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

"ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுங்கோ. நான் வாறன்" என்றார்.

வந்தார். நானும் போயிருந்தேன். மரியதாஸை உள்ளே படுக்க வைத்து, காதுக்கு மூடி போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். மூச்சு அசைந்தால் படம் கலங்கும். பல நோயாளிகளுக்கு இதுதான் பெரிய கஷ்டம். இவருக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. "மூச்சை விடுங்கோ" என்று சொன்ன பிறகும் அவர் விடவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மனிதர் அசையாமல் கிடந்தார். எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அக்கா அவரை அறைக்கு வெளியே எடுப்பித்து, காலைப் பிடித்து உலுக்கினார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, டொக்டரம்மா" என்றார் மரியதாஸ் சாவகாசமாக. "ஒரே இடி. கடலுக்கை எண்டால் மேலை நிக்கிறவன் கயித்தை இழுப்பான். நான் அதுக்குத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

அக்கா கை மணிக்கூட்டைக் கழற்றினார். கொண்டையில் இருந்த ஊசிகளைக் கழற்றினார். சீலையில் குத்தியிருந்த ஊசியையும் எடுத்து என் கையில் தந்துவிட்டு, சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தக் காந்த அறைக்குள் போனார். தாலிக்கொடியைக் காட்டி ஊழியர் ஏதோ கேட்டார். "தங்கம் இழுபடாது, தம்பி. ஊசிதான் இழுபடும்" என்று அவரையும் ஓர் அதட்டல். படம் முடியும்வரை மரியதாஸின் கால்மாட்டில் நின்றார். ஒருமுறை தட்டினால் பிடிக்க வேண்டும், இரண்டுமுறை தட்டினால் விட வேண்டும். வெளியே எடுத்தபோது அந்த வீங்கிய புறங்காலில் அவருடைய விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. அக்கா குனிந்து அந்தக் குழிகளைப் பார்த்தார்.

அவர் பார்த்த மிகத் தெளிவான படங்களில் அதுவும் ஒன்று என்று பிறகு சொன்னார். கட்டியின் நுனி ஈரலுக்குப் பின்னால், ஈரல் நாளங்கள் வந்து சேரும் வாய்களுக்குச் சற்றுக் கீழே நின்றது. சுவரில் ஒட்டியிருப்பதாகத் தெரியவில்லை. சிறுநீரகத்துக்குக் கீழே கால்களின் பக்கமாக நாளத்தில் இருந்த அடைப்பு புற்று அல்ல, வெறும் உறைந்த இரத்தம். "கால் வீங்கினது உதாலைதான். அதைப் பாத்துக் கட்டி கீழையும் போட்டுதெண்டு பயப்பிடாதையும். உம்மாலை செய்யலாம், இஞ்சையே செய்யலாம். ஆனால் கெதியாச் செய்யும்" என்றார்.

விரைவாகச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் இப்படியான சத்திரசிகிச்சைக்கு ஈரலில் பழகிய இன்னொரு சேர்ஜன் வேண்டும், மயக்க மருந்து நிபுணர்கள் வேண்டும், நிறைய இரத்தம் வேண்டும், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் வேண்டும். முதல் திகதியில் கட்டில் இல்லை. அடுத்த திகதியில் பணிப்பகிஷ்கரிப்பு. அதற்கடுத்த கிழமை மயக்க மருந்து நிபுணர் இடமாற்றத்தில் போய்விட்டார், அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மரியதாஸைச் சாப்பிட விடாமல் வைத்திருந்து, மத்தியானம் போல, "இண்டைக்கு இல்லையாம்" என்று நான் போய்ச் சொன்னேன். மூன்றாம் முறை ஸ்ரெலா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி டொக்டர்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒருவழியாக எல்லாம் பொருந்தி ஒரு திகதி கிடைத்தது. அதை அக்காவுக்குச் சொல்வதற்காக ஓடிப்போனேன். அவர் சந்தோசப்படவில்லை. "புதுப் படம் எடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

"அக்கா, இந்தத் திகதி எடுக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்காகக் கட்டி உமக்காகக் காத்துக்கொண்டு நிக்குமோ?"

"எங்கடை மிசின் இல்லை. வெளியிலை போய்த் திரும்ப எடுத்து வர இந்தத் திகதி போயிடும். பிறகு எப்ப கிடைக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"போகட்டும். வயித்தைத் திறந்து, ஈரலைத் தூக்கிப்போட்டு, நுனி நான் சொன்ன இடத்திலை இல்லையெண்டால் என்ன செய்வீர்? என்னைக் கூப்பிடுவீரோ? நான் வந்து என்ன செய்ய? நீர் கையிலை வைச்சிருக்கிறது அந்த மனிசன்ரை படமில்லை. அந்த மனிசன் முந்தி இருந்த மாதிரியைக் காட்டுற படம்."

தாழ்வாரத்தில் நின்று இரண்டு பேரும் சத்தம் போட்டோம். தாதியர் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், என்னுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. காத்திருந்தால் கட்டி வளரும், காத்திருக்காமல் போனால் குருட்டுத்தனமாக வெட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் இருவரையும் நிறுத்திவிட்டு, அங்கே நிறுத்தியவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டோம். ஏசுவதற்கு அங்கே வேறு ஆள் இருக்கவில்லை.

படம் எடுத்தோம். திகதி போனது. அக்காவின் அறையில் அந்தப் படத்தைத் திறந்தபோது அவர் ஒரு பெருமூச்சு விட்டதை மட்டும் கேட்டேன். நுனி ஈரல் நாளங்களைத் தாண்டி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டையும் தாண்டி, இதயத்தின் வாசலில் நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது சோணையறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நான் பழைய படத்தை நம்பி வெட்டியிருந்தால் மரியதாஸ் மேசையிலேயே போயிருப்பார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, 'சொன்னேன்தானே' என்றும் சொல்லவில்லை. "அண்டைக்குப் படம் எடுத்த உடனை செய்திருந்தால் இஞ்சையே சுகமா முடிஞ்சிருக்கும்" என்றார். "நல்ல படம் எடுத்தனான். அதை வீணாக்கிப்போட்டாங்கள்." அவர் அழுததை நான் அந்த ஒருமுறைதான் கண்டேன். அது துக்கத்தில் வந்த கண்ணீர் அல்ல, ஆத்திரத்தில் வந்தது.

மரியதாஸைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே படங்களைப் பதிந்து அனுப்பிய இறுவட்டு திறக்கவில்லை என்று செய்தி வந்தது. வேறொரு இறுவட்டு அனுப்பினோம். அது கிடைக்கவில்லை என்றார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு, படங்களைத் தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு காலை ரெயினில் போய்விட்டார். போக வேண்டாம், அது உங்களுடைய வேலையில்லை என்று நான் மறித்தேன். "அப்ப ஆரின்ரை வேலை? பேரைச் சொல்லும், நான் போகேல்லை" என்றார்.

அங்கே இருந்த நிபுணரைச் சந்திக்க வாசலில் வெகுநேரம் காத்திருந்திருக்கிறார். கடைசியில் அவர் மரியாதையாகக் கூப்பிட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்ல படங்கள். ஆனால் கொஞ்சம் பழசாகிவிட்டன. நாங்கள் இன்னொருமுறை எடுப்போம்" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து இதை எனக்குச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ரை கதையை எனக்கே திருப்பிச் சொல்லுறார். என்னத்தைச் சொல்ல? சரியாத்தான் சொல்லுறார்!"

அங்கே இதய சேர்ஜன்மாரும் சேர்ந்து செய்தார்கள். நீண்ட சத்திரசிகிச்சை. மரியதாஸ் பிழைத்தார். பல கிழமை அங்கே கிடந்து, மெலிந்து, தடியோடு குருநகருக்கு வந்தார். பிறகு சுவாசப்பையில் சிறு நிழல்கள் தெரிந்தன. அதற்கு மருந்து எடுக்கிறார். கடலுக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். அதில் அவருக்கு எங்கள்மேல் தீராத கோபம். ஒவ்வொரு முறை கிளினிக்குக்கு வரும்போதும் அக்காவிடம் போய் முறையிடுவார். "கரையிலை இருந்து மற்றவனுக்குக் கயிறு பிடிக்க வைச்சிட்டியள், டொக்டரம்மா." அக்காவும் விடமாட்டார். "கயிறு பிடிக்கிறவன் இல்லாமல் நீர் எத்தினை தரம் மேலை வந்தனீர்? வாயை மூடிக்கொண்டு பிடியும்."

இதற்குப் பிறகு அக்கா நிர்வாகத்திடம் ஒரே ஒரு விடயத்தைத்தான் கேட்டார். இப்படி நாளத்துக்குள் கட்டி ஏறிய நோயாளி வந்தால், ஸ்கானும் சத்திரசிகிச்சையும் ஒரே கையில் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போதே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கும் கட்டிலுக்கும் திகதி போட வேண்டும். இங்கே முடியாவிட்டால் எங்கே, யாரிடம் என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். புதிதாக ஒன்றும் கட்டத் தேவையில்லை, இருக்கிறவர்கள் ஒன்றாக இருந்து கதைத்தால் போதும். கூட்டம் நடந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றார்கள். வெளியே வந்து அக்கா சொன்னார்: "கொள்கையளவில் எண்டால் என்னெண்டு தெரியுமோ? இல்லையெண்டு சொல்ல வெக்கப்படுறாங்கள்."

அது இன்றுவரை கொள்கையளவில்தான் இருக்கிறது. திருத்திய இயந்திரம் சில காலம் ஓடியது. இப்போது மறுபடியும் பழுது.

செத்தவீட்டுக்கு மரியதாஸும் ஸ்ரெலாவும் வந்திருந்தார்கள். குருநகரிலிருந்து உடுப்பிட்டிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பந்தலில் அவருக்கு ஒரு கதிரை எடுத்துக் கொடுத்தேன். இருக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று சிலுவை போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"டொக்டர், எனக்கு வாற மாசம் படம் எடுக்கோணும். அதை இனி ஆர் பாப்பினம்?"

அக்காவின் இடத்துக்குப் புதிதாக ஒருவரை இன்னும் நியமிக்கவில்லை. எப்போது நியமிப்பார்கள் என்று நிர்வாகத்தைக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

அக்காவின் கடைசி வெள்ளிக்கிழமை, வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைத்தோம். இன்னும் சில மாதம்தானே அக்கா, இனியாவது நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவைத்தேன். கார்க் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். "நிம்மதியை வைச்சு நான் என்ன செய்ய? எனக்கு மிசினெல்லோ வேணும்!"

போன கிழமை நான் அந்த இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தருவிக்கும் கொழும்பு அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். இலக்கத்தைத் தேடி எடுத்து, யாரோடு கதைக்க வேண்டும் என்று விசாரித்து, கடைசியில் நிஸாம் என்று ஒருவர் வந்தார். நான் எங்கள் வைத்தியசாலையின் பெயரைச் சொன்னதுமே அவர் இடைமறித்தார்.

"அந்த டொக்டர் மெடம் எங்க? கொஞ்ச நாளா எடுக்கவே இல்லையே. என்னோட கோவமா?"

எந்த மெடம் என்று கேட்டேன்.

"தவமலர் மெடம்தான். டெய்லி காலைல ஒபிஸ் தொறந்தோடனே எடுப்பாங்க. சாமான் எங்க, கப்பல்லயா, சுங்கத்திலயானு கேப்பாங்க. நல்லா ஏசுவாங்க. ஏசிட்டு, மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சானும் கேப்பாங்க."

இந்த அழைப்புகளைப் பற்றி அக்கா எங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவருடைய கணவர் யோகநாதன் மாஸ்டரிடம் பிறகு கேட்டேன், அவருக்கும் தெரியாது. நிஸாமிடம் செய்தியைச் சொன்னேன். "சாமான் இன்னும் வரல்ல, டொக்டர்" என்றார். மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அவருடைய குரல்.

அக்காவின் அறிவு எனக்கு வராது. அந்தக் கண்ணும் வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியது இந்த ஒன்றுதான். "நாளைக்குக் காலமையும் எடுப்பன், நிஸாம். நாளையிண்டைக்கும் எடுப்பன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய மகளின் பெயர் என்ன என்று கேட்டேன்.